வண்டி எங்கே நிற்கிறது? சொந்த வாகனத்தில் குறைந்த செலவில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தும் முறை

நம் சங்க உறுப்பினர்களில் பலரிடம் இன்று சொந்தமாக ஒரு வண்டியாவது இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு கார், கடைக்கு ஒரு ஆம்னி அல்லது குட்டி யானை. சேலம் லீ பஜாரில் சரக்கு ஏற்றி மஞ்சவாடி கணவாய் வழியாகக் கொண்டு வருகிறோம். பொம்மிடி, கடத்தூர், அரூர் என்று லைன் அனுப்பி சில்லறைக் கடைகளுக்குப் போடுகிறோம். வண்டி கடையை விட்டுக் கிளம்பிய நிமிடத்திலிருந்து திரும்பி வரும் வரை நம் முதலில் ஒரு பகுதி ரோட்டில்தான் இருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று ஒரு நடைக்கு ஏற்றும் சரக்கின் மதிப்பு, சின்னக் கடைக்காரருக்குப் பல மாத லாபத்துக்குச் சமம். திரும்பி வரும்போது வசூல் பணமும் அதே வண்டியில்தான் வருகிறது.

"வண்டி எங்கே வருகிறது?" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை டிரைவருக்குப் போன் செய்கிறோம். ஓட்டிக்கொண்டிருக்கும் ஆள் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாகப் பதில் சொல்கிறார். அதுவும் மலைப்பாதை வளைவில். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சிறு கருவி இந்தப் போன்களைக் குறைக்கும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எந்த இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது என்பதை இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆகவே எனக்குப் புரிந்த மொழியிலேயே எழுதுகிறேன்.

1. கருவி எப்படி வேலை செய்கிறது?

நம்மில் பலர் "வண்டியிலிருந்து செய்தி சாட்டிலைட்டுக்குப் போகிறது, அங்கிருந்து நம் போனுக்கு வருகிறது" என்று நினைக்கிறோம். அது சரியல்ல. இந்தக் கருவி சாட்டிலைட்டுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதன் பேச்சைக் கேட்க மட்டும் செய்கிறது.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுற்றி வருகின்றன. குறைந்தது 24 இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குக் கூடுதலாகவே இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல் ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. நம் கருவி, சொல் கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு சாட்டிலைட்டுகளின் சொல் காதில் விழுந்தால் போதும், கருவி தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். கடிகாரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் இடம் 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள்.

இடம் தெரிந்த பிறகுதான் இரண்டாவது வேலை. கருவிக்குள் நம் செல்போனில் போடுவது போன்ற ஒரு சிம் இருக்கிறது. அது செல்போன் டவர் வழியாக, கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு "வண்டி இங்கே இருக்கிறது" என்று அனுப்புகிறது. நாம் போனில் அந்தக் கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் வண்டி தெரிகிறது.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பல சந்தேகங்கள் தீரும். தகரக் கொட்டகைக்குள் வண்டி நின்றால் சாட்டிலைட்டின் சொல் கேட்காது. இடம் தவறாகக் காட்டும் அல்லது பழைய இடத்தையே காட்டும். சித்தேரி மலை போன்ற பகுதிகளில் டவர் கிடைக்காத வளைவில் போனால், கருவிக்குத் தன் இடம் தெரியும், ஆனால் நமக்குச் சொல்ல முடியாது. நல்ல கருவி அந்த நேரத்து விவரத்தைத் தன் நினைவில் சேர்த்து வைத்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். ஆகவே மலைமேல் போன வண்டி அரை மணி நேரம் திரையில் அசையாமல் இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை.

2. இது யாருக்காக வந்தது?

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. முதல் சாட்டிலைட் 1978-ல் ஏவப்பட்டது. 1983-ல் கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பிறகு, இந்த வசதி தயாரானதும் பொது மக்களுக்கும் தரப்படும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். 1995-ல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அப்போதும் பொது மக்களுக்குக் கிடைத்த சொல்லில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் கார், லாரிக்குப் பயன்படும் அளவுக்குத் துல்லியம் வந்தது. திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கருவியே ஐந்து, பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும்.

ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவையும் தனித்தனியே இத்தகைய ஏற்பாடுகளை வைத்துள்ளன. நம் இஸ்ரோவும் 2013 முதல் 2016 வரை ஏழு சாட்டிலைட்டுகளை ஏவி "நாவிக்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது.

நம் மாநிலத்தில் 2008-ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அருகில் உள்ளதை அனுப்புகிறார்கள். சென்னை மாநகரப் பஸ்கள் வரும் நேரத்தைப் போனில் பார்க்கும் "சென்னை பஸ்" ஆப் 2022-ல் வந்தது. இவை எல்லாம் இதே முறைதான். பஸ், டாக்சி போன்ற பொதுப் பயணிகள் வாகனங்களில் 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய வண்டிகளுக்கு, ஏ.ஐ.எஸ். 140 என்ற தரத்தில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பட்டனும் கட்டாயமாக்கப்பட்டன. நம் சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டால் மலிவான கருவியே போட்டுக்கொள்ளலாம். சரக்கு வாகனம் வைத்திருப்பவர்கள் எஃப்.சி.க்குப் போகும்போது, தங்கள் வகை வண்டிக்கு ஏதும் விதி உண்டா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

3. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடையில் மூன்று வகைக் கருவிகள் காட்டுவார்கள்.

முதல் வகை, வண்டி பாட்டரியிலிருந்து வயர் கொடுத்துப் பொருத்துவது. இரண்டாம் வகை, ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் கம்ப்யூட்டர் மாட்டும் துளையில் செருகுவது. மூன்றாம் வகை, காந்தம் வைத்துத் தானே பாட்டரியும் உள்ளது. இரண்டாம் வகையைச் செருகுவது எளிது, பிடுங்குவதும் அவ்வளவு எளிது. மூன்றாம் வகையை அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். கடை வேலையில் அது மறந்துபோகும். தினமும் ஓடும் கடை வண்டிக்கு வயர் கொடுத்துப் பொருத்தும் முதல் வகையே ஏற்றது. இனி அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்:

அ) எத்தனை வோல்ட் தாங்கும்? கார், குட்டி யானை 12 வோல்ட். பெரிய லாரி 24 வோல்ட். அட்டைப்பெட்டியில் 9 முதல் 36 வரை என்பது போல் போட்டிருந்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

ஆ) 2ஜி கருவியா, 4ஜி கருவியா? மிக மலிவானவை பெரும்பாலும் 2ஜி. ஜியோவில் 2ஜி கிடையாது. ஆகவே 2ஜி கருவியில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. "கருவி கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொண்டு வருபவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. உலகில் பல நாடுகளில் 2ஜி-யை நிறுத்தி வருகிறார்கள். ஆகவே நான்கைந்து வருடம் உழைக்க வேண்டும் என்றால் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து 4ஜி வாங்குவதே லாபம்.

இ) உள்ளே சிறு பாட்டரி இருக்கிறதா? திருடன் வண்டி பாட்டரியைக் கழற்றினாலும் கொஞ்ச நேரம் அது பேசும். "மின்சாரம் துண்டிக்கப்பட்டது" என்று போனுக்குச் செய்தியும் வரும்.

ஈ) வருடச் சந்தா எவ்வளவு? கருவியை மலிவாகக் கொடுத்து இரண்டாம் வருடத்திலிருந்து சந்தாவில் எடுத்துவிடுவார்கள். ஐந்து வருடத்துக்குக் கருவி விலை, சந்தா, சிம் செலவு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சரக்கு வாங்கும்போது லாரி வாடகை, இறக்குக் கூலி சேர்த்து அடக்க விலை பார்க்கிறோம் அல்லவா? அதே கணக்குதான்.

உ) பில் உண்டா? ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் கருவியிலும் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா? இந்த எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். ஆப்பில் வண்டியைச் சேர்க்க இதுதான் வேண்டும்.

4. சிம் போடும் விதம்

சில கம்பெனிகள் சிம்மோடு சேர்த்தே கருவி தருகின்றன. இயந்திரங்களுக்கென்று கொடுக்கும் இந்தச் சிம்களுக்கு 2018 முதல் 13 இலக்க எண் தரப்படுகிறது. எண் நீளமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

நாமே சிம் போடுவதானால், நம் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்க வேண்டும். டிரைவர் பெயரிலோ கடைப் பையன் பெயரிலோ வாங்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனால் சிம்மும் போய்விடும். எந்த நெட்வொர்க் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் லைன் போகும் ஊர்களில் எது நன்றாக எடுக்கிறது என்று டிரைவரைக் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

சிம்மை முதலில் ஒரு சாதாரணப் போனில் போட்டு, பின் லாக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். இன்டர்நெட் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு கருவியில் போட்டு, புத்தகத்தில் கொடுத்துள்ளபடி எஸ்.எம்.எஸ். அனுப்பி, நெட்வொர்க்கின் ஏ.பி.என். பெயரையும் இந்திய நேரத்தையும் பதிய வேண்டும். இந்திய நேரம் என்பது கிரீன்விச் நேரத்தோடு 5 மணி 30 நிமிடம் கூட்டியது. இதைப் பதியாவிட்டால் காலை பத்து மணிக்குப் போன வண்டி விடியற்காலை நாலரைக்குப் போனதாகக் காட்டி வீண் சண்டை வரும்.

டேட்டா செலவு மிகக் குறைவு. ஒரு முறை இடம் சொல்ல, மேல்செலவு சேர்த்து 200 பைட் என்று வைத்துக்கொள்வோம். பத்து வினாடிக்கு ஒரு முறை, நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் 3,600 முறை. ஒரு நாளைக்குச் சுமார் 720 கிலோபைட். 26 வேலை நாளுக்கு 19 மெகாபைட் கூட வராது. ஒரு சினிமாப் பாட்டு போனில் பார்க்கும் அளவுதான். ஆகவே குறைந்த பிளான் போதும். ஆனால் வேலிடிட்டி தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரீசார்ஜ் தேதியை வண்டி இன்சூரன்ஸ் தேதி எழுதும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

5. பொருத்தும் முறை

வயரிங் தெரிந்தவர்கள் தாங்களே ஒரு மணி நேரத்தில் பொருத்தலாம். தெரியாதவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். புது வண்டி என்றால், வயரை வெட்டுவது வாரண்டியைப் பாதிக்குமா என்று ஷோரூமில் முதலில் கேளுங்கள்.

முதல் படி: வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கருவியைப் பொருத்தாமலே தற்காலிகமாகக் கரண்ட் கொடுத்து ஆப்பில் இடம் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் முறை சில நிமிடம் ஆகும். பாப்பிரெட்டிப்பட்டி என்றால் அட்சரேகை சுமார் 11.91, தீர்க்கரேகை சுமார் 78.37 என்று வரும். வேறு ஏதோ எண் வந்தால் சாட்டிலைட் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். உள்ளே பொருத்திய பிறகு குறை தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். ஆகவே இந்தப் படியை விடாதீர்கள்.

இரண்டாம் படி: இடம் தேர்வு. டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்கு உள்ளே, கண்ணாடிக்குக் கீழே, ஆன்டெனா உள்ள பக்கம் வானத்தைப் பார்க்கும்படி வைப்பது நல்லது. மேலே தகரம் மூடியிருக்கக் கூடாது. பிளாஸ்டிக்கைத் தாண்டி சிக்னல் வரும், தகரத்தைத் தாண்டி வராது. என்ஜின் சூடு, மழைத் தண்ணீர், பெடல், ஸ்டியரிங் தண்டு இவற்றுக்கு அருகில் வேண்டாம். குளோவ் பாக்ஸில் போட்டு வைப்பது திருடனுக்கு உதவி செய்வது போல.

மூன்றாம் படி: வேலை தொடங்கும் முன் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.

நான்காம் படி: வயர்கள். பொதுவாகச் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு எர்த். மூன்றாவதாக ஒரு வயர் இக்னிஷனுக்கு, அதாவது சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் புத்தகத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும். கறுப்பை வண்டி பாடியில் பெயின்ட் சுரண்டிய நல்ல போல்ட்டில் இறுக்குங்கள். சிவப்பை எப்போதும் கரண்ட் உள்ள இடத்தில், ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர் பியூஸ் வைத்து இணையுங்கள். இந்தப் பியூஸ் பத்து இருபது ரூபாய்ப் பொருள். அது இல்லாமல் வயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் வண்டியே எரியும். எது எப்போதும் கரண்ட் உள்ளது, எது சாவி போட்டால் மட்டும் வருவது என்று டெஸ்ட் லேம்ப் அல்லது மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் நிறக் கனெக்டர் உள்ள வயர்களைத் தொடவே கூடாது.

ஐந்தாம் படி: முறுக்கிய வயரின் மேல் வெறும் டேப் சுற்றினால் வெயிலில் பசை உருகிப் பிரிந்துவிடும். சோல்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள் அல்லது நல்ல கனெக்டர் போடுங்கள். ஆடாமல் டை போட்டுக் கட்டுங்கள்.

ஆறாம் படி: பாட்டரியை இணைத்து, சாவி போட்டும் எடுத்தும் ஆப்பில் மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு தெரிந்த ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டி, வண்டியின் மீட்டரையும் ஆப்பின் கணக்கையும் ஒப்பிடுங்கள். சிறு வித்தியாசம் இருக்கும். அது எவ்வளவு என்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் யார் மேலும் வீண் பழி வராது.

6. பாட்டரி இறங்குமா?

ஓடுகிற வண்டியில் பிரச்சினை இல்லை. நிற்கிற வண்டியில் உண்டு. கருவி 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைப்போம். 24 மணி நேரத்துக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 17.5-ஐ 1.2-ஆல் வகுத்தால் 14 நாள். பழைய பாட்டரி என்றால் அதுவும் நிற்காது. வண்டி நின்றால் தூங்கிவிடும் வசதி உள்ள கருவியில் இந்த நாட்கள் பல மடங்கு கூடும். இக்னிஷன் வயரைச் சரியாக இணைத்திருந்தால்தான் பல கருவிகள் தூங்கும். வீட்டுக் காரை மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டி வருவது நல்லது.

7. என்ஜினை நிறுத்தும் ரிலே வேண்டுமா?

கருவியோடு ஒரு ரிலேயும் தருவார்கள். அதை டீசல் அல்லது பெட்ரோல் பம்ப் வயரில் இணைத்தால், வீட்டிலிருந்தே போன் மூலம் என்ஜினை நிறுத்தலாம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வேண்டாம் என்பதே என் கருத்து. மஞ்சவாடி கணவாயில் லோடோடு இறங்கும் வண்டியின் என்ஜின் திடீரென நின்றால் பிரேக் மிதி இறுகிப்போகும், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பின்னால் வரும் லாரிக்கு நாம் நின்றது தெரியாது. திருடன் ஓட்டினாலும் எதிரே வருபவர் யார் பெற்ற பிள்ளையோ. மேலும் அந்த மலிவு ரிலே பழுதானால் திருட்டு இல்லாமலே நம் வண்டி நடுவழியில் நிற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

8. 123456 என்ற பூட்டு

மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே பாஸ்வேர்டோடு வருகின்றன: 123456. நாம் மாற்றுவதில்லை. 2019 செப்டம்பரில் அவாஸ்ட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனி, சீனாவின் ஷென்சென் நகரத்துக் கம்பெனி ஒன்றின் கருவிகளை ஆராய்ந்து, சுமார் 6 லட்சம் கருவிகள் இந்த ஒரே பாஸ்வேர்டோடு இயங்குவதாக வெளியிட்டது. 2022 ஜூலையில் அதே நகரத்து மைகோடஸ் கம்பெனியின் எம்.வி.720 என்ற கருவியில் பெரிய ஓட்டைகள் இருப்பதாகப் பிட்சைட் என்ற கம்பெனி கண்டறிந்தது. அமெரிக்க அரசின் சிசா என்ற பாதுகாப்பு அமைப்பும் எச்சரிக்கை வெளியிட்டது. அந்தக் கம்பெனியின் கருவிகள் 169 நாடுகளில் சுமார் 15 லட்சம் வண்டிகளில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ வண்டியைப் பின்தொடரலாம், எரிபொருளைத் துண்டிக்கலாம் என்பதே அந்த எச்சரிக்கை. ரிலே வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

நாம் கடைக்கு நல்ல பூட்டுப் போட்டுச் சாவியை வாசலில் மாட்டுவதில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு, வசூல் வண்டி எப்போது எந்த ரோட்டில் வரும், வீட்டில் எப்போது கார் இல்லை என்பதும் தெரியும். ஆகவே பொருத்திய அன்றே ஆப் பாஸ்வேர்டு, கருவியின் எஸ்.எம்.எஸ். பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றுங்கள். நம் போன் எண்ணிலிருந்து வரும் கட்டளையை மட்டும் ஏற்கும்படி பதியுங்கள். பொருத்திக் கொடுத்த ஆளின் கையில் பழைய பாஸ்வேர்டு இருந்தாலும் பயன்படக் கூடாது. பாஸ்வேர்டை மாற்ற முடியாத கருவி என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

9. டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பொருத்துங்கள்

இதுதான் முக்கியமான பகுதி. கருவியை ரகசியமாக வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வண்டி நம்முடையது, அதன் இடத்தைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஓட்டுகிறவர் மனிதர். தனி மனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் பிராங்க் விட்டஸ் வழக்கில், ஜாமீனில் வந்தவர் தன் இடத்தைக் கூகுள் மேப்பில் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே செல்லாது என்று தீர்ப்பானது. வழக்கில் சிக்கிய ஒருவருக்கே அந்த மரியாதை உண்டு என்றால், பத்து வருடம் நம் சரக்கைச் சுமந்தவருக்கு இல்லாமல் போகுமா? அடுத்தவர் வண்டியில் அவருக்குத் தெரியாமல் கருவி வைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

நம் பகுதி வணிகர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவருடைய வண்டி சேலத்திலிருந்து தினமும் தாமதமாகவே வந்தது. டிரைவர் வழியில் நிறுத்தி வைக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். ஆளை மாற்றிவிடலாம் என்று பேச்சு நடந்த சமயம் கருவி பொருத்தினார், டிரைவரிடம் சொல்லியே. ஒரு வாரப் பதிவைப் பார்த்தால், வழியில் டீக் குடிக்க நின்றது பத்து, பதினைந்து நிமிடம்தான். சரக்கு ஏற்றும் குடோன் வாசலில் மட்டும் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தது. முதலில் வந்த வண்டிக்கு ஏற்றாமல் பெரிய பார்ட்டிகளின் வண்டிக்கு முதலில் ஏற்றியிருக்கிறார்கள். டிரைவர் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. வணிகர் அந்தப் பதிவைக் குடோன்காரரிடம் காட்டிப் பேசினார். ஏற்றும் நேரம் குறைந்தது. டிரைவர் இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார்.

கருவி சாட்சி சொல்லும். யாருக்குச் சாதகமாகச் சொல்லும் என்று முன்கூட்டியே நாம் முடிவு செய்யக் கூடாது. ஆகவே மூன்று விஷயங்களை டிரைவரிடம் தெளிவாகப் பேசுங்கள். கருவி இருக்கிறது என்பது ஒன்று. வேலை நேரத்துக்கு மட்டும்தான் பார்ப்போம் என்பது இரண்டு. சந்தேகம் வந்தால் முதலில் அவரைக் கேட்போம், பிறகுதான் முடிவு என்பது மூன்று. வீட்டுக் காரை மகனோ மருமகளோ ஓட்டினால் அவர்களிடமும் இதே பேச்சு வேண்டும்.

10. லாபக் கணக்கு

வண்டி தேவையில்லாமல் நாளைக்குப் பத்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று வைப்போம். 26 நாளுக்கு 260 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 16.25 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் மாதம் 1,495 ரூபாய். லைன் ஊர்களின் வரிசையை மாற்றியமைத்தாலே இதில் பெரும்பகுதி மிச்சமாகும். எந்தக் கடையில் எவ்வளவு நேரம் இறக்குகிறோம், எந்தக் கிழமை எந்த ஊரில் கடை மூடியிருக்கிறது என்பதும் பதிவில் தெரியும். மாதம் ஒரு முறை டிரைவரோடு உட்கார்ந்து இதைப் பார்த்தால் போதும். நாள் முழுவதும் போனை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கல்லாவை யார் பார்ப்பது?

11. வண்டி திருடு போனால்

ஆப்பில் வண்டி நகர்வது தெரிந்தாலும் தாங்களே துரத்திப் போகாதீர்கள். உடனே 100 அல்லது 112-க்குப் போன் செய்து, வண்டி எண், நிறம், இப்போது இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். திரையைப் படம் பிடித்து வையுங்கள். போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தாமதிக்காமல் தெரிவியுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவை வண்டிக்குள் மட்டும் இருந்தால் வண்டியோடு போய்விடும். கடையிலும் ஒரு நகல் வையுங்கள். கருவி இருக்கிறது என்பதற்காக இன்சூரன்ஸைக் குறைக்கவோ விட்டுவிடவோ கூடாது. திருடனிடம் கருவியைக் கண்டுபிடிக்கும் அறிவும் இருக்கலாம், சிக்னலை அடைக்கும் சாதனமும் இருக்கலாம்.

சுருக்கமாக: 4ஜி கருவி வாங்குங்கள், சிம்மை நம் பெயரில் போடுங்கள், பியூஸ் இல்லாமல் இணைக்காதீர்கள், ரிலேயைத் தவிருங்கள், அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள், டிரைவரிடம் சொல்லுங்கள். பொருத்தும் உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை அடுத்த கூட்டத்தில் சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும். பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலையிலும் சந்தாவிலும் குறைத்துப் பேச முடியும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நமக்குத் தெரியாததா?